பூஜ்யத்தில் நிற்காத கோடு

திங்கள், காலை 8.20.

அந்த ஃப்ரீசரின் கதவைத் திறந்தால் முகத்தில் வெண்புகை அடிக்க வேண்டும். அன்று அடிக்கவில்லை. ஈரத் துணி வாடைதான் வந்தது. அடித்தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் தரையில் ஓடி ஆராய்ச்சி மாணவி நிஷாவின் செருப்பை நனைத்தது.

அவள் கத்திய கத்தலில் முதலில் ஓடி வந்தவன் லேப் டெக்னீஷியன் தினகரன். அடுத்து மாடியிலிருந்து இறங்கி வந்தவள் மோகனப்பிரியா.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டடம் அது. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு மட்டும் சர்க்கரை நோய் ஏன் வருகிறது என்று அங்கே மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தின் தொண்ணூற்றொன்பது பெண்களிடமிருந்து எடுத்த இரத்தத்தில் டி.என்.ஏ.வை மட்டும் பிரித்து, சுண்டுவிரல் நுனி அளவுக் குழாய்களில் அடைத்து, ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியில் நூறு குழிகள். தொண்ணூற்றொன்பதில் பெண்கள். நூறாவது குழியில் வெறும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர்க் குழாய் மோகனப்பிரியாவின் யோசனை. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவள் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அடையாள அட்டையில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று இருக்கும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் மேடம். டி.என்.ஏ.வை இயந்திரத்தில் வைத்தால் அது நான்கே எழுத்துகளைக் கோடிக்கணக்கில் கொட்டும். புத்தகத்தைக் கிழித்துத் துண்டு துண்டாக்கிக் காற்றில் விட்டதுபோல வரும் அந்த எழுத்துகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, இவருக்கும் அவருக்கும் எந்த இடத்தில் எழுத்து மாறுகிறது என்று டாக்டர்களுக்குக் காட்டுவது அவள் வேலை. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுப்பதும் அவள் வேலைதான். அது அட்டையில் இல்லை.

ஃப்ரீசருக்குள் ஒரு சென்சார் ஒயரை விட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை தன் கணினிக்கு வரும்படி இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஏற்பாடு செய்தாள். அளவு கூடினால் எல்லோருடைய போனிலும் எச்சரிக்கை மணி அடிக்கும். ஒயர் நுனி காற்றில் தொங்கியதால், யாராவது கதவைத் திறந்து மூடினாலே மணி அடித்தது. தொல்லை தாங்காமல் எல்லோரும் அதை மௌனத்தில் போட்டுவிட்டார்கள். பிறகுதான் அவள் ஒயர் நுனியைத் தண்ணீர்க் குழாய்க்குள் வைத்தாள். தண்ணீர் உறைந்து ஐஸாகி ஒயரைப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தால் காற்று உடனே சூடாகும், ஐஸ் ஆகாது. அதோடு பொய் மணி நின்றது. ஆனால் போனில் போட்ட மௌனத்தை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை அடித்த மணி யாருக்கும் கேட்கவில்லை.

ஃப்ரீசரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அந்த சாக்கெட்டில் ஒரு போன் சார்ஜர் செருகியிருந்தது. பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றிய, கழுத்து ஒடிந்த சார்ஜர். அது யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் சரசாவுடையது.

மோகனப்பிரியா பெட்டியைப் பார்த்தாள். மூடியில் அவளே போட்ட சின்னத் துளை வழியாக ஒயர் உள்ளே இறங்கியிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நூறாவது குழியில் ஒயர் நுனி தண்ணீருக்குள் சரியாக நின்றது. மற்ற குழாய்களில் எல்லாம் தெளிந்த திரவம். பார்வைக்கு அவையும் தண்ணீர்தான்.

"நாளைக்கு இதை ஹைதராபாத்துக்கு அனுப்பணும்" என்றான் தினகரன், யாரிடமும் இல்லாமல். பணம் தரும் அமைப்பு, வேறொரு ஆய்வகத்தில் மறுபரிசோதனை கேட்டிருந்தது.

காலை 9.30.

டைரக்டர் வசந்தாவின் அறையில் மோகனப்பிரியா சென்சார் கோட்டைத் திரையில் காட்டினாள். கோடு பல வாரமாக மைனஸ் எண்பதில் படுத்திருந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் தலை தூக்கியது. ஞாயிறு முழுக்க ஒரே மூச்சாக ஏறி, திங்கள் காலை அறை வெப்பத்துக்கு வந்து நின்றது.

"பதினொரு மணி. அப்போ அவ துடைச்சிட்டிருந்திருப்பா" என்றார் டாக்டர் ஸ்ரீநாத். ஆராய்ச்சியின் தலைவர் அவர். கோயம்புத்தூர் மாநாட்டுக்கு வியாழக்கிழமையே போய், அன்று விடியற்காலைதான் திரும்பியிருந்தார்.

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை பிற்பகலில், கோட்டில் ஒரு சின்னத் திமில் தெரிந்தது. வசந்தா அது என்ன என்று கேட்டார். கதவைத் திறந்திருப்பார்கள், தினமும் நடப்பதுதான் என்றார் ஸ்ரீநாத். எல்லோருடைய கண்ணும் சனிக்கிழமைக்குப் போய்விட்டது. மோகனப்பிரியாவின் கண்ணும்தான்.

வாசல் கைரேகைக் கருவியின்படி சனிக்கிழமை காலை உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர்: சரசா, தினகரன், நிஷா. ஒப்பந்த சூப்பர்வைசர் கன்னியப்பனை வரவழைத்தார்கள். கவனக்குறைவால் கோடிக்கணக்கில் நஷ்டம் என்று போலீசில் புகார் கொடுப்பது, சரசாவை அன்றே நிறுத்துவது என்று பேச்சு போயிற்று. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரையும் கூட்டி முடித்துவிடலாம் என்றார் வசந்தா.

மோகனப்பிரியாவுக்கு ஒரு விஷயம் தெரியும். சரசாவின் கணவன் பச்சையப்பனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அது ஓடுவது இந்த வேலையின் இ.எஸ்.ஐ. அட்டையில். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் என்ன போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலை 10.15.

சரசா லிஃப்ட் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மோகனப்பிரியா எதிரில் குந்தினாள்.

"இன்னா மேடம், நீயும் கேக்க வந்துட்டியா? கேளு."

"சார்ஜர் உங்களோடதுதானே?"

"என்துதான். இல்லன்னு எங்க சொன்னேன்? ஆனா நான் அங்க குத்தல."

"எங்க போடுவீங்க எப்பவும்?"

"கேன்டீன் ரூமு ஜன்னலாண்ட. பத்து வர்சமா அங்கதான். சனிக்கெயம டீ குடிக்க சொல்லோ பாத்தேன், காணோம். யாரோ எட்த்துகினு போயி போட்டுகினு கீறாங்கன்னு நெனச்சேன். திரும்பி வரும்னு உட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"யாராண்ட கேக்கறது? ஒரு சார்ஜருக்கு பெரிய மன்சாளுங்களப் போய் கேட்டா இன்னா நெனப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை வந்தீங்களா?"

"வெள்ளிக்கெயம எங்கூட்டுக்காரருக்கு டயாலிசிஸ். நான் எப்ப வெள்ளிக்கெயம வந்துகிறேன்?" சரசா அவளையே பார்த்தாள். "அந்தப் பொட்டியில இன்னா கீது மேடம்? தண்ணி மாரிதான கீது. அத்துக்குப் போயி என்ன ஜெயில்ல போடுவாங்களா?"

மோகனப்பிரியா, சும்மா ஆறுதலுக்கு, போட மாட்டார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்தபோதுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கியது. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? உண்மையில் இப்போது என்ன இருக்கிறது?

டி.என்.ஏ. பால் அல்ல, வெளியில் வைத்தால் திரிந்துபோக. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய இரத்தக் கறையிலிருந்து அதை எடுத்து வழக்கு நடத்துகிறார்கள். பிரித்துச் சுத்தமாக்கிய டி.என்.ஏ. ஒரு வாரம் மேசையில் கிடந்தாலும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். மைனஸ் எண்பது என்பது பல வருடத்துக்கான பாதுகாப்பு. ஒரு சனி ஞாயிறு அதைக் கொன்றுவிடாது.

அவள் தினகரனைப் பிடித்தாள். மூன்று நான்கு குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அளந்து பார்க்கச் சொன்னாள். அளக்கும் கருவிக்கு அதிக நேரம் ஆகாது. தினகரன் பார்த்தான், மறுபடியும் பார்த்தான், கருவியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்ல மேடம். சுத்தமா இல்ல." மூக்கைக் குழாயருகே கொண்டுபோனான். "நீச்சல் குளம் வாசனை அடிக்குது."

ப்ளீச். மேசையில் சிந்திய டி.என்.ஏ.வை அழிக்க எல்லா ஆய்வகத்திலும் வைத்திருக்கும் சாதாரண ப்ளீச். ஒரு துளி போதும்.

"வெளியில சொன்னா அதையும் சரசாக்கா தலையில கட்டுவாங்க" என்றான் தினகரன். "ப்ளீச்சிங் பவுடர் அவங்க கையிலதானே இருக்கு." சற்று நின்று, "அந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நான் நாலு தடவை நடந்தேன் மேடம். திருமுல்லைவாயல்ல ஒரு பொண்ணு, குழந்தை பொறந்து பத்து நாள்ல கையை நீட்டுச்சு. வெள்ளிக்கிழமை கூட நாள் பூரா ஆவடி குவார்ட்டர்ஸ்லதான் சுத்துனேன், வேன் டிரைவரைக் கேளுங்க" என்றான். கேட்காமலே தான் இங்கே இல்லை என்று சாட்சி சொன்னதற்கு அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

பகல் 12.10.

மாடியில் தன் அறையில் மோகனப்பிரியா கோட்டை மறுபடி திறந்தாள். இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை வெயிலில் வையுங்கள். ஐஸ் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் சூடாகாது. வெயில் கொடுக்கும் சூட்டையெல்லாம் ஐஸ் உருகுவதற்கே வாங்கிக்கொள்ளும். கடைசிக் கட்டி கரைந்த பிறகுதான் தண்ணீர் சூடாகத் தொடங்கும். அதனால் உருகும் ஐஸுக்குள் இருக்கும் சென்சார், பூஜ்யம் டிகிரிக்கு வந்ததும் நின்றே ஆக வேண்டும். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடப் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. மைனஸ் ஐந்து, மைனஸ் ஒன்று, பூஜ்யம், இரண்டு, நான்கு என்று படியேறும் ஆள்போல ஏறிப் போயிருந்தது.

அப்படியென்றால் சென்சார் நுனி ஐஸுக்குள் இல்லை. காற்றில் தொங்கியிருக்கிறது. ஆனால் காலையில் அவள் கண்ணால் பார்த்தபோது நுனி குழாய்த் தண்ணீருக்குள்தானே நின்றது?

கோட்டைப் பின்னோக்கி நகர்த்தினாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை. யாரும் பொருட்படுத்தாத அந்தத் திமில். சர்ரென்று ஏறி, பூஜ்யத்துக்கு வந்து, அங்கே சில நிமிடம் சமமாக நின்று, பிறகு வெட்டியதுபோலக் கீழே விழுந்திருந்தது. கதவைத் திறந்தால் இப்படி வராது. அந்தக் குழாயை யாரோ கையில் எடுத்து, உள்ளங்கையில் பொத்தி, ஐஸ் இளகும்வரை பிடித்திருக்கிறார்கள். இளகியதும் ஒயரை உருவியிருக்கிறார்கள்.

திமிலுக்கு முன்னால் கோடு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. பின்னால், சனிக்கிழமை காலைவரை, மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது. ஃப்ரீசரின் மோட்டார் ஓடி நிற்கும்போதெல்லாம் காற்று ஒரு டிகிரி இரண்டு டிகிரி ஆடும். ஐஸுக்குள் இருந்தால் அந்த ஆட்டம் தெரியாது. காற்றில் தொங்கினால் தெரியும்.

மூடியோடு பெட்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஒயரை உருவத்தான் வேண்டும், ஏனென்றால் அது மூடித் துளை வழியாகப் போகிறது. மூடியில்லாமல் பெட்டியை வராந்தாவில் யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், பார்த்தவர்கள் கேட்பார்கள். எடுத்துப்போய், ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் விட்டு, பெட்டியைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள் நூறாவது குழாய்த் தண்ணீர் மறுபடி இறுகத் தொடங்கியிருக்கும். ஐஸுக்குள் ஒயரைக் குத்த முடியாது. காற்றில் விட்டுவிட்டு மூடியிருக்கிறார்கள்.

திங்கள் காலை எல்லாம் தண்ணீரான பிறகு ஒயர் சுலபமாக உள்ளே போயிருக்கும்.

மோகனப்பிரியா நாற்காலியில் சாய்ந்தாள். வெள்ளிக்கிழமை சரசா மருத்துவமனையில். தினகரன் ஆவடியில். ஸ்ரீநாத் கோயம்புத்தூரில். திங்கள் காலை ஃப்ரீசரை முதலில் திறந்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தியிடம், வியாழக்கிழமை மாலை, பூந்தமல்லி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மோகனப்பிரியாவே ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்.

விஷயம் இதுதான். எந்த இரண்டு பேருடைய டி.என்.ஏ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து மாறும். தொண்ணூற்றொன்பதில் ஏழு பெண்கள் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தார்கள். ஏழு பெயர், ஏழு வயது, ஏழு ஊர். ஆனால் ஒரே பெண். குழாய் எங்கோ மாறிப் போயிருக்கிறது, டைரக்டருக்கு எழுத வேண்டும் என்றாள் மோகனப்பிரியா. நிஷா, திங்கள்வரை பொறுங்கள் அக்கா, நானே பார்த்துச் சொல்கிறேன் என்றாள். நான்கு வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். பொறுக்கக் கூடாதா? பொறுத்தாள்.

பகல் 1.05.

கேன்டீனில் நிஷா டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவின் ஒரே பெண். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இது ஆறாவது வருடம்.

"நிஷா, வெள்ளிக்கிழமை ஃப்ரீசரைத் திறந்தியா?"

"இல்லக்கா."

"சனிக்கிழமை?"

"இல்ல."

"இன்னைக்குக் காலையில மூடியைத் தூக்குனியா?"

"தண்ணியைப் பார்த்ததும் கத்திட்டேன். நான் எதையும் தொடவே இல்ல. நீங்க வந்துதானே மூடியைத் தூக்குனீங்க?"

"ஆமா. நான்தான் தூக்குனேன்." மோகனப்பிரியா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். "மூணு மணிக்கு மீட்டிங். அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஏதாவது சொல்லணும்னா சொல்லிடலாம். நானும் கூட வர்றேன்."

நிஷா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்ல என்ன இருக்குக்கா?" என்றாள். டிபன் பாக்ஸை அப்படியே பைக்குள் வைத்தாள்.

பிற்பகல் 3.00.

வசந்தா, ஸ்ரீநாத், கன்னியப்பன், தினகரன், நிஷா, மோகனப்பிரியா. சரசாவைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னியப்பன் புகாரை எழுதியே கொண்டுவந்திருந்தார்.

மோகனப்பிரியா திரையைப் போட்டாள். டம்ளர் ஐஸிலிருந்து தொடங்கினாள். அவசரப்படாமல், ஒரு வகுப்பு எடுப்பதுபோல, ஏன் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், ஏன் நிற்கவில்லை, எந்த இடத்திலிருந்து கோடு நடுங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். குழாய்களில் டி.என்.ஏ. துளியும் இல்லை, ப்ளீச் இருக்கிறது என்று தினகரன் சொன்னான். சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கியது கொலை அல்ல, பிணத்தின் மேல் போர்த்திய துணி என்றாள் மோகனப்பிரியா. கொலை நடந்தது வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு.

"வெள்ளிக்கிழமை நீங்களும்தானே இருந்தீங்க?" என்றார் ஸ்ரீநாத். "ஒயர் வச்சதே நீங்கதான். எங்களை விட உங்களுக்குத்தானே இதெல்லாம் நல்லாத் தெரியும்?"

"இருந்தேன் சார். ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் இதே ரூம்ல. டைரக்டர் மேடத்தோட சர்வர் பட்ஜெட் பேசிட்டிருந்தேன்."

வசந்தா தலையசைத்தார்.

"சரசாக்கா இதைச் செஞ்சிருந்தா ஒயர் தொங்கட்டும்னு விட்டிருப்பாங்க. அது தண்ணிக்குள்ள நிக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர்தான் இன்னைக்குக் காலையில அதை மறுபடி உள்ள வச்சாங்க. தெரிஞ்சவங்க மூணு பேர். நான், தினகரன், அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி அந்தத் துளையைப் போடறப்போ எனக்காக மூடியைப் பிடிச்சிட்டிருந்தவ." அவள் திரையை அணைத்தாள். "இன்னைக்கு கத்தல் கேட்டு தினகரனும் நானும் வர்றதுக்கு முன்னாடி ஃப்ரீசர் பக்கத்துல இருந்தவ அவ மட்டும்தான். நிஷா."

ஏழு குழாய் விஷயத்தையும் மோகனப்பிரியா சொல்ல வேண்டியிருந்தது. கணினியில் இருப்பது எழுத்துதான். குழாய்கள் அழிந்துவிட்டால், ஏழும் ஒன்றாக வந்தது இயந்திரத்தின் கோளாறு என்று சொல்லிவிடலாம். குழாய்கள் ஹைதராபாத் போனால் சொல்ல முடியாது. அந்தப் பெண் யார் என்று தான் தேடவில்லை என்றும் சொன்னாள். தேட வழி இருந்தது. இயந்திரம் புதிதாக வந்த அன்று சோதனைக்காக இரத்தம் கொடுத்தவர்களுடைய பதிவு அவளிடம் இருக்கிறது. அதை இதற்காகத் திறக்கும் உரிமை தனக்கு இல்லை என்று திறக்கவில்லை.

"திறக்க வேண்டாம்க்கா" என்றாள் நிஷா. "என்னோடதுதான்."

பிறகு ஸ்ரீநாத்தைப் பார்த்துப் பேசினாள். ஏழு பெண்கள் கடைசியில் வர மறுத்துவிட்டார்கள். மாமியார் வேண்டாம் என்றாள், புருஷன் வேண்டாம் என்றான், ஒருத்தி வீடு மாறிப் போய்விட்டாள். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த தவணைப் பணம் வராது. ஆறு வருடமும் வீண்.

"சார்கிட்ட சொன்னேன். எப்படியாவது முடின்னு சொன்னீங்க சார். முடிச்சேன்."

"நான் இப்படிச் செய்யச் சொன்னேனா?"

"இல்ல சார். எப்படிச் செஞ்சேன்னு கேக்கவும் இல்ல."

மோகனப்பிரியாவுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"சரசாக்கா சார்ஜர் ஏன் நிஷா?"

நிஷா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், விடை தனக்கே தெரியாததுபோல. "கைக்கு எட்டுற இடத்துல இருந்துச்சு" என்றாள்.

மாலை 4.40.

முடிவு எடுக்க வசந்தாவுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. போலீஸ் வேண்டாம். பெயர் கெட்டால் மற்ற ஆராய்ச்சிகளுக்கும் பணம் நின்றுவிடும். ஃப்ரீசர் பழுது என்று அறிக்கை போகும். நிஷா சொந்தக் காரணங்களுக்காக விலகுவாள். டாக்டர் ஸ்ரீநாத் புதிதாக இரத்த மாதிரிகள் சேகரித்து ஆராய்ச்சியைத் தொடருவார். தினகரன், உண்மையில் இரத்தம் கொடுத்த தொண்ணூற்றிரண்டு வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். அவர்களிடம் என்ன காரணம் சொல்வது என்று அவன் கேட்டான். மின்வெட்டு என்று சொல் என்றார் ஸ்ரீநாத். மின்வெட்டுக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

"சரசா?" என்றாள் மோகனப்பிரியா.

அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்றார் வசந்தா, பெருந்தன்மையாக. கன்னியப்பன் கனைத்துக்கொண்டார். காலையிலேயே ஆளை மாற்றச் சொல்லி மெயில் போட்டுவிட்டீர்கள் மேடம், மாற்று ஆளுக்குக் கைரேகையும் பதிந்தாகிவிட்டது என்றார். சரசாவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் போடலாம். ஆனால் அது வேறு ஒப்பந்தம். புதுச் சேர்க்கை. இ.எஸ்.ஐ. அட்டை அங்கே முதலிலிருந்து தொடங்கும், மருத்துவச் சலுகை வர மாதங்கள் ஆகும். மெயிலை வாபஸ் வாங்கலாமே என்று மோகனப்பிரியா கேட்டாள். வாங்கினால் ஏன் வாங்கினோம் என்று எழுத வேண்டும் என்றார் வசந்தா. அதை எழுத முடியாது, இல்லையா?

மோகனப்பிரியா வெளியே வந்தாள். சரசா ஸ்டூலில் இல்லை. கேட்டுக்கு வெளியே, மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த சாலையோரத்தில், பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். மோகனப்பிரியா போய் நடந்ததைச் சொன்னாள். பிடுங்கியது நீங்கள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றாள். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னச் செய்தி என்று அவளுக்குத் தெரிந்தது.

"யாரு பண்ணாங்க?"

"நிஷா."

"அந்தப் பொண்ணா? நல்லா பேசுமே." சரசா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அதையும் அனுப்சிட்டாங்களா?"

"ஆமா."

"அந்த டாக்டரு?"

"அவர் இருக்கார்."

"அப்ப நீ கண்டுபுச்சதுல இன்னா ஆச்சி மேடம்? காலையில நான் ஒருத்தி போவேண்டியது. இப்ப ரெண்டு பேரு."

குத்தலாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கணக்கைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஆள் எதிரில் நிற்கிறாள் என்ற நம்பிக்கையில், பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தாள். பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிக்கொண்டாள்.